தண்ணீர் விடச் சொன்னவள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்ததால், சின்னவர்களுக்கு அவள் பிரேம் அக்கா, பெரியவர்களுக்குப் பிரேம்காரம்மா. கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், செத்துப்போன நாய்க்குட்டியின் படம், எதைக் கொண்டுவந்தாலும் "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்பாள். அடுத்த வாரம்தான் தருவாள். ஆனால் தரும்போது மூலைகள் ஒன்றோடொன்று முத்தமிட்டதுபோல் சேர்ந்திருக்கும், அதனால் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

வீடு அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில். வீட்டில் அவள், அவள் கணவன், முழங்கால் தேய்ந்துபோன மாமியார். கணவனுக்கு வேலையும் அதே தெருவில்தான், தெருவுக்கு அடியில். நிலத்தடி ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"நான் மேல ஆணி அடிக்கிறேன், அவர் அடியில தண்ணி இறைக்கிறார். நடுவுல இந்தத் தெரு பாவம், எங்க குடும்பத்துக்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சுரங்கங்கள் இரண்டு, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு குறுக்கு வழி வெட்ட வேண்டும். அந்த இடத்தில் மண் என்பது பேருக்குத்தான். தண்ணீரில் ஊறிய வெறும் மணல். அதனால் குழாய்களை இறக்கி, மணலைச் சுற்றிலும் பனிக்கட்டியாக உறைய வைத்து, அது கல்லாக இறுகிய பிறகு வெட்டுவதாக ஏற்பாடு. உறைய வைக்கும் இயந்திரங்களில் ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. மாற்று இயந்திரம் வந்து சேரவில்லை. வெட்டுகிற வேலை மட்டும் நிற்கவில்லை.

"ஐஸ் இன்னும் சரியாப் பிடிக்கலை" என்றான் அவன் முந்தின நாள் சாயங்காலம், காலுறையைக் கழற்றிக்கொண்டே.

"இன்ஜினியர் என்ன சொல்றார்?"

"அவரும் அதையேதான் சொல்றார். மீட்டிங்ல கத்தியே பாத்துட்டாராம். திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, ஒரு நாள் கூடத் தள்ள முடியாதுன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தோண்டுறோம்."

மாமியாருக்குக் காது சற்று மந்தம். ஆனால் தேவையில்லாதது மட்டும் தவறாமல் விழும். "ஏன்டா, உள்ள இடிஞ்சா உன் தலையில விழும். மேல இடிஞ்சா என் தலையில விழும். நடுவுல அந்தத் தேதி குறிச்சவன் தலையில எது விழும்?" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டான்.

மறுநாள் முற்பகல் அவள் கடையில் ஒரு சட்டத்தின் மூலையை அறுத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் மரத்தாங்கியில் நிறுத்தி வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. லாரி போகிறது என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் தெருவில் லாரி இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் இருந்த பெரிய தகட்டில், யாரும் தொடாமல், ஒரு கோடு மேலிருந்து கீழே ஓடியது.

வெளியே வந்தாள். நடைபாதை ஒரு சாண் கீழே போயிருந்தது. ரோட்டின் நடுவில் தார் வெடித்து, கலங்கலான தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் மாவு ஒட்டிய கைகளோடு வாசலில் நின்று தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என் வாசப்படி எங்க போச்சு?" என்றார், யாரோ திருடிக்கொண்டு போனதுபோல.

"அண்ணே, என் மாமியார் மேல இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள். அவரும் பின்னாலேயே ஓடி வந்தார். வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. அவர் தோளால் இரண்டு முறை மோதியதும் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மாமியார் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியோடு தூக்கினார்கள். "என் முகத்தை முன்பக்கமாத் திருப்பு. பின்பக்கமாப் பாத்துக்கிட்டுப் போனா பொணத்தை இறக்குற மாதிரி இருக்கும்" என்றாள் மாமியார். இரண்டாவது மாடியில் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு, வாயில் பஞ்சு வைத்த ஒரு நோயாளியை இழுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடினார். படிக்கட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அவர்கள் இறங்கிய வேகத்தைவிட அது வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மாமியாரை எதிர்ச்சாரியில் மரத்தடியில் உட்கார வைத்தபோதுதான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள் மாமியார். இப்போது குரலில் குறும்பில்லை. "அவன் எங்கடி?"

தெருக்கோடியில் தகரத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது சுரங்க வாய். பெரிய கிணறுபோல் ஆழமான குழி, அதில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு. அவள் போய்ச் சேர்ந்தபோது கூண்டு மேலே வந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு அப்பியவர்கள் அதிலிருந்து இறங்கி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். சேற்றைத் துடைத்துவிட்டுக்கூடப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

கூண்டை இயக்குபவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு பேர் வரலை. மண்ணு வெட்டுற மெஷின் டிரைவர் காலு மாட்டிக்கிச்சு. அவனை எடுக்கப் போனவர் உங்க வீட்டுக்காரர்."

டிரைவரை அவளுக்குத் தெரியும். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவன் சோடாபுட்டி. வெளியூர்க்காரன். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவன். போன மாதம்தான் மனைவியின் படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கிப் போனான். "கண்ணாடி நல்ல கண்ணாடியாப் போடுங்க அக்கா, எனக்குப் பாதிதான் தெரியும். மீதியாவது சரியாத் தெரியட்டும்" என்று சிரித்தவன்.

மேசைமேல் ஒரு தொலைபேசி இருந்தது, சுரங்கத்துக்குள் இருக்கும் தொலைபேசியோடு நேரே இணைத்தது. இன்ஜினியர் அதைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அதை நீட்டினார்.

"ஏங்க!"

"நீயா?" அவன் குரலுக்குப் பின்னால் ஆறு ஓடுவதுபோல் இரைச்சல். "நீ எதுக்கு இங்க வந்தே? அம்மா எங்க?"

"ரோட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்களைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க வாங்க. உடனே வாங்க."

"எப்படி வர்றது? குறுக்கு வழியில இருந்து மணலும் தண்ணியும் கொட்டுது. அதைத் தாண்டித்தான் வரணும். தாண்ட முடியாது. நாங்க இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டோம்."

"வேற வழி?"

"மறுகோடியில துளை போடுற மெஷின் அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு அப்பால வெறும் மண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தி, "பயப்படாதே" என்றான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு முழுப் பயமும் வந்தது.

அப்போது பின்னால் தெருவே அலறியது. திரும்பிப் பார்த்தாள். அவர்கள் கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெருமூச்சு விட்டதுபோல் உட்கார்ந்தது. கீழ்த்தளம் தெருவுக்குள் போய்விட்டது. பல் டாக்டரின் பெயர்ப்பலகை இப்போது தரைமட்டத்தில் இருந்தது. அவள் கடை எங்கே இருந்ததோ அங்கே புழுதி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி ரொட்டிக்கடை. அதற்கடுத்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் மேல்மாடியில் அசைக்க முடியாத நோயாளிகள் இருந்தார்கள். ஒரு நர்ஸ் ஜன்னலில் நின்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியின் மேலதிகாரி தகரத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க? திறங்க!"

"உள்ள ஆள் இருக்கு சார்" என்றார் இன்ஜினியர்.

"எதைத் திறக்கணும்?" என்றாள் அவள்.

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். வயது அதிகமில்லை. மூன்று இரவு தூங்காதவரின் கண்கள். "வெளியில இருக்குற தண்ணிதான் மணலை உள்ள தள்ளுது. சுரங்கத்துக்குள்ள நாமளே தண்ணி விட்டு நிரப்பினா, ரெண்டு பக்கமும் சமமாகி மணல் நின்னுடும். தெரு நிக்கும்."

"நிரப்பலைன்னா?"

"இந்த வரிசை போகும். ஆஸ்பத்திரி போகும். உள்ள இருக்குறவங்களையும் மணல் மூடிடும்."

"நிரப்பினா?"

"சுரங்கம் அந்தக் கோடிக்குப் போகப் போக மேல ஏறுது. அந்த மேல்முனைக்குப் போயிட்டாங்கன்னா, அங்க காத்து கொஞ்சம் தங்கலாம்." அவர் குரல் உடைந்தது. "தங்கும்னு நான் சொல்லலைம்மா. தங்கலாம்."

"மாட்டேன்" என்றாள் அவள். யாரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. "முடியாது. கயிறு கட்டி ஆளை இறக்குங்க. இத்தனை பேர் நிக்கிறீங்களே, ஒருத்தர் இறங்கக் கூடாதா? நான் இறங்குறேன்." கூண்டை நோக்கி ஓடினாள். இரண்டு பேர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒருவன் கையை அவள் கடித்தேவிட்டாள்.

தகரத் தடுப்புக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. "ரெண்டு பேருக்காக இத்தனை பேர் சாகணுமா?" என்று ஒரு குரல் கேட்டது. தெரிந்த குரல். பல் டாக்டருடையது. அவருடைய பட்டங்கள் அத்தனைக்கும் சட்டம் போட்டுக் கொடுத்தவள் அவள். அவர் மனைவி அந்த ஆஸ்பத்திரியின் மேல்மாடியில்தான் வேலை பார்த்தாள். கையை வீசிக்கொண்டிருந்தது அவள்தான்.

பிரேம்காரி கத்துவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வந்து தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, நல்லாக் கேளுங்க. தண்ணி விடப் போறாங்க. நீங்க மேல்முனைக்கு ஏறிடுங்க. அங்க காத்து நிக்குமாம்."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "எவ்வளவு நேரம் இருக்கு?"

"இல்லை. நேரமே இல்லை. இப்பவே ஓடுங்க."

"இவன் கால் முறிஞ்சிருக்கு. எலும்பு வெளிய தெரியுது. தூக்கிக்கிட்டு ஏறணும்."

"விட்டுட்டு ஏறுங்க" என்றாள் அவள். "அவரை விட்டுட்டு ஏறுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், விட்டுட்டு வாங்க."

மறுமுனையில் அவன் மெதுவாகச் சொன்னான்: "அவன் என் தோள்லதான் சாஞ்சுக்கிட்டு இருக்கான். நீ சொல்றது அவனுக்குக் கேக்குது."

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுத்துத் திறக்கச் சொல்லு" என்றான் அவன். தொலைபேசியைக் கீழே விடும் சத்தம் கேட்டது. அதன்பின் யாரோ வலியில் கத்தும் சத்தம், பிறகு வெறும் இரைச்சல்.

அவள் அதைச் சொன்னாள். இன்ஜினியரால் எவ்வளவு பொறுக்க முடியுமோ அவ்வளவு பொறுத்தார். மேலதிகாரி சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் பொறுத்தார். ரொட்டிக்கடையின் முன்சுவர் சரிந்தது. இன்ஜினியர் உத்தரவு கொடுக்கக் கையை உயர்த்தினார், இறக்கவில்லை. அவர் பார்வை அவள்மேல் இருந்தது.

"திறங்க" என்றாள் அவள்.

பக்கத்து ஆற்றிலிருந்து இழுத்து வைத்திருந்த தடித்த குழாய்கள் விறைத்துக்கொண்டன. தண்ணீர் குழிக்குள் விழும் ஓசை வெகுநேரம் கேட்டது. ஒரு கட்டத்தில் தொலைபேசியின் இரைச்சல் அறுந்து, ஒன்றுமே இல்லாமல் போனது. சாயங்காலத்துக்குள் மணல் நின்றது. ஆஸ்பத்திரி ஒரு விரிசலோடு நின்றது. ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். பல் டாக்டரின் மனைவி நோயாளிகளை இறக்கிவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வந்தாள்.

மேல்முனைக்கு நேர் மேலே இருந்தது பஸ்கள் நிறுத்தும் மைதானம். பஸ்களை அகற்றிவிட்டு அங்கே துளைபோடும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் துளை சுரங்கத்தைத் தொடாமல் பக்கத்தில் இறங்கிவிட்டது. இரண்டாவது துளை இறங்கிக்கொண்டிருந்தது. மாமியாரை ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியோடு அங்கேயும் தூக்கி வந்து வைத்தார். யாரோ கொண்டுவந்த ரேடியோவில் கம்பெனியின் அறிக்கை ஒலித்தது. பூமிக்கடியில் எதிர்பாராத நீரோட்டம், இயற்கையின் சீற்றம் என்றார்கள்.

"இயற்கையா வந்து மெஷினை ரிப்பேர் பண்ணாம வச்சிருந்தது?" என்றாள் மாமியார். ரேடியோ வைத்திருந்தவர் அதை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

விடிந்ததும் ஒரு பெண் வந்தாள். தோளில் துணிப்பை, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கியதில் கலைந்த தலை. படத்தில் பார்த்த முகம் என்பதால் பிரேம்காரிக்குச் சொல்லாமலே தெரிந்தது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்தாளாம். கம்பெனியிலிருந்து யாரும் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தான் இவரைத் தூக்கப் போனாராமே" என்று வந்தவள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் அக்கா. உங்க குடும்பமே நல்லா இருக்கணும்."

பிரேம்காரி கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பாள். பிறகு துளைபோடும் வண்டியின் பக்கம் திரும்பிக்கொள்வாள். ரெண்டு பேரும் உயிரோடு வரட்டும், அப்புறம் சொல்லி, காலில் விழுந்து, சிரித்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

துளை சுரங்கத்தின் கூரையைத் தொட்டபோது குழாய் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. காற்று வெளியேறினால் உள்ளே தண்ணீர் ஏறும் என்று இன்ஜினியர் அலற, ஆட்கள் பாய்ந்து குழாயை மூடி, மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்பினார்கள். பிறகு ஒருவர் இரும்புக் கம்பியால் குழாயைத் தட்டிவிட்டுக் காதை வைத்தார். மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் மறுபடி தட்டினார். தலையசைத்தார். மூன்றாவது முறை தட்டிவிட்டுக் காதை வைத்தவர் அப்படியே உறைந்து நின்று, பின் குழந்தைபோல் அழத் தொடங்கினார்.

"தட்டுறாங்க! கீழ தட்டுறாங்க!"

இரண்டு பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள்.

ஆள் ஏறும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, காற்று கசியாத கதவுகள் வைத்த இரும்புக்குழாய் இறக்கி முடிக்க அன்று பிற்பகலாகிவிட்டது. மீட்புக்காரர் ஒருவர் இறங்கினார். கம்பி மேலே சுற்றத் தொடங்கியது. முதலில் அவள் கணவன் வந்தான். உதடு நீலம் பாய்ந்து, கண் வெளிச்சத்தில் கூசி, பேச்சு வராமல் வந்தான். மாமியார் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து நான்கு அடி நடந்து அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். சோடாபுட்டியின் மனைவி துளையின் விளிம்பிலேயே நின்று கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி மறுபடி இறங்கியது. அது மேலே வந்தபோது சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். அவளுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வண்டிக்கருகில், கம்பளிக்குள் நடுங்கியபடி, பிரேம்காரியின் கணவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கேட்டது அந்தப் பெண். பிரேம்காரி பக்கத்தில் நின்றாள்.

"மேல்முனை வரைக்கும் கொண்டுபோயிட்டேன்மா. தண்ணி இடுப்புக்கு வந்து நின்னுது. பனிக்கட்டி மாதிரி ஜில்லுனு இருந்தது. அங்க நின்ன துளை போடுற மெஷின் படியில அவனை ஏத்தி உட்கார வச்சு அணைச்சுப் பிடிச்சுக்கிட்டேன். உங்களைப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தான். ராத்திரி ஒரு நேரம் குளிருதுன்னான். அப்புறம் குளிரலைன்னான்."

"வழியில வலிச்சுதா அவருக்கு? ஏதாவது சொன்னாரா?"

அவன் பிரேம்காரியின் பக்கம் திரும்பவில்லை. "இறக்கி விட்டுட்டுப் போகச் சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். நான் விடலை."

"ஏன் அப்படிச் சொன்னாரு? அவருக்குச் சாகிறதுன்னா ரொம்பப் பயமாச்சே" என்றாள் அந்தப் பெண், புரியாமல்.

இதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நான் சொன்னேன்" என்றாள் பிரேம்காரி. "போன்ல நான்தான் சொன்னேன், அவரை விட்டுட்டு வாங்கன்னு. அது அவருக்குக் கேட்டிருக்கு. தண்ணியைத் திறங்கன்னு சொன்னதும் நான்தான்."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள் என்று பிரேம்காரி எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அடிக்கவில்லை.

"போன் இருந்துச்சா?" என்றாள். "பேசுற மாதிரி போன் இருந்துச்சா அங்க?"

"இருந்துச்சு."

"அப்ப எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அக்கா. நான் வீட்டுலதான் இருந்தேன். அவருகிட்ட நானும் ஒரு வார்த்தை பேசியிருப்பேனே."

அந்த மேசையைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் என்று பிரேம்காரி யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைபேசி இருந்திருக்கும். அவளுடையதும் இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை.

உடலை ஏற்றிய வண்டியின் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் துணிப்பையை எடுத்துக்கொண்டு ஏறி, அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பிரேம்காரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா இருக்காங்க என்கூட. நீ போ" என்றான் அவன்.

அவள் வண்டியில் ஏறி எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளை வா என்று சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்கள். வண்டி மைதானத்தை விட்டுக் கிளம்பியது.